தாத்தா பெயரில் சிவப்பு வரி!

வீட்டுக்கு வீடு ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் பழைய பத்திரம் இருக்கும். கலியாணப் பத்திரிகை இருக்கும். பட்டாளத்துக்குப் போனவர் வீடு என்றால், ஒரு மெடலும் இருக்கும்.

மெடலைச் சுவரில் மாட்டுவார்கள். பட்டாளத்துக் காகிதத்தை மட்டும் சிலர் பெட்டியிலேயே பூட்டி வைப்பார்கள்.

ஏன்?

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் புதுக்கோட்டை என்று ஓர் ஊர். தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டை அல்ல. திருநெல்வேலி போகிற சாலையில் இருக்கும் புதுக்கோட்டை. அங்கே கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், அப்படிப் பூட்டி வைத்த காகிதத்தை எனக்குக் காட்டினார்.

அவருடைய தாயாரைப் பெற்ற தாத்தா, இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தவர். காகிதத்தில் சிவப்பு மையால் இரண்டு வரி எழுதியிருந்தது.

முதல் வரி: லீவு முடிந்தும் 19 நாள் திரும்பி வரவில்லை. சிறைத் தண்டனை.

இரண்டாவது வரி: ஸ்டோர் சாமானை வெளியே விற்றார். மறுபடியும் சிறை.

"தாத்தா பெரிய வீரர் என்று பிள்ளைகளிடம் சொல்லி வந்தேன். இனிமேல் என்ன சொல்வது?" என்றார் நண்பர்.

திண்ணையில் இருந்த அவருடைய தாயாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே, செத்துப்போன மனுஷனை எதுக்கு மறுபடியும் கோர்ட்டுக்கு இழுக்கே?" என்றார்.

நியாயமான கேள்வி. பல குடும்பங்களில் இந்தக் கேள்வி இருக்கிறது. நான் சொல்லும் பதில் இதுதான்:

காகிதத்தைக் கிழிக்கவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். முழுவதும் படியுங்கள். பிறகு, உங்களுக்குத் தெரிந்த உண்மையை அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எழுதியது யார்?

தண்டனைக் குறிப்பை எழுதுகிறவர் அதிகாரி. சிப்பாய் அல்ல. என்ன குற்றம், எத்தனை நாள் தண்டனை என்பது அதில் இருக்கும். ஏன் செய்தார் என்பது பெரும்பாலும் இருக்காது.

ஆகவே, அந்தக் குறிப்பு பாதிக் கதைதான். மீதிப் பாதியை யார் தேடுவது? பேரன்தான் தேட வேண்டும்.

இதற்கு நம் பக்கத்துச் சிப்பாய்களின் கதையே சாட்சி.

வேலூர்க் கோட்டையில்

1799ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். பாளையங்கள் அழிந்தன. பாளையக்காரர்களிடம் சேவகம் பார்த்தவர்களுக்கு வேலை போயிற்று. வயிறு சும்மா இருக்குமா? அவர்களில் பலர் கம்பெனியின் பட்டாளத்திலேயே சேர்ந்தார்கள். 23வது ரெஜிமெண்டின் 2வது படைக்குத் திருநெல்வேலிச் சீமையில்தான் ஆள் எடுத்தார்கள். 1806ல் அந்தப் படை வேலூர்க் கோட்டையில் இருந்தது.

அப்போது ஒரு புதிய உத்தரவு வந்தது. சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது. தாடி வைக்கக்கூடாது. தொப்பி போன்ற புதிய தலைப்பாகை அணிய வேண்டும். அதில் தோலும் வைத்துத் தைத்திருந்தது.

மே மாதம் வேலூரில் இருந்த வேறொரு படையினர் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். 21 பேரைச் சென்னைக் கோட்டைக்குக் கொண்டு போய் விசாரித்தார்கள். ஓர் இந்து, ஒரு முஸ்லிம் ஆகிய இருவருக்குக் கசையடி கொடுத்து, வேலையை விட்டு நீக்கினார்கள். மற்றவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஏட்டில் என்ன இருக்கும்? "உத்தரவை மீறினான்" என்று இருக்கும்.

ஜூலை 10ந் தேதி விடிவதற்கு முன் கோட்டையில் கலகம் வெடித்தது. 100க்கு மேற்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மாண்டார்கள். ஆஸ்பத்திரியில் நோயாய்க் கிடந்தவர்களையும் கொன்றார்கள். இதையும் நாம் மறைக்கக்கூடாது.

காலையில் ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தார். இந்தியச் சிப்பாய்கள் பல நூறு பேர் செத்தார்கள். பிறகு நடந்த விசாரணையில் 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். 8 பேரைத் தூக்கிலிட்டார்கள். கோட்டையில் இருந்த 3 படைகளையும் கலைத்தார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கம்பெனி அந்தத் தலைப்பாகை உத்தரவையே ரத்து செய்தது. கவர்னர் பெண்டிங்கையும், உத்தரவு போட்ட தளபதி கிரடாக்கையும் 1807ல் திருப்பி அழைத்துக்கொண்டது.

உத்தரவை மீறியவன் பேரில் குறிப்பு இருக்கிறது. உத்தரவே தப்பு என்பது வேறொரு பக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் நியாயம் கிடைக்குமா?

ஒருவருக்கு மூன்று பெயர்

அதே கோட்டையில் முஸ்தபா பேக் என்று ஒரு சிப்பாய். கலகம் வரப்போகிறது என்று மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொன்னார். இந்திய அதிகாரிகளோ, "அவன் பைத்தியம்" என்று சொல்லிவிட்டார்கள். அவரைக் காவலில் அடைத்தார்கள்.

கலகத்துக்குப் பிறகு அதே கம்பெனி அவருக்குப் பணமும் பென்ஷனும் கொடுத்தது.

முதலில் பைத்தியம். அப்புறம் விசுவாசி. கலகக்காரர்களின் கண்ணில் துரோகி. ஆள் ஒருவர்தான். எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறோமோ, அந்தப் பெயர்!

40 வயதில் தெரிந்த செய்தி

இது நம் நாட்டுக் கதை மட்டும் அல்ல.

முதல் உலகப் போரில், கோழை என்றும் ஓடிப்போனவர் என்றும் சொல்லி, பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்களையே சுட்டுக் கொன்றது. அவர்களில் ஒருவர் ஹாரி பார். 1916 அக்டோபரில் சுடப்பட்டார். வயது 25. அதற்கு முந்திய ஆண்டில், குண்டு வெடித்த அதிர்ச்சியால் மனம் கலங்கி, 5 மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர்!

அவர் மனைவிக்குப் பென்ஷனும் இல்லை. அவமானம் தாங்காமல் விஷயத்தை மறைத்தார். அவர்களுடைய மகளுக்கு 40 வயதில்தான் உண்மை தெரிந்தது. அந்த மகள் சும்மா இருக்கவில்லை. காகிதங்களைத் தேடினார். கோர்ட்டுக்குப் போனார்.

2006ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் போட்டு, இப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது. அப்போது மகளுக்கு 90 வயதுக்கு மேல்!

ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டம் பழைய தீர்ப்பை அழிக்கவில்லை. தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் மன்னிப்பும் ஏறிவிட்டது.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

நம் ராணுவத்திலும் பெரிய தண்டனையைச் சிவப்பு மையில் எழுதும் வழக்கம் உண்டு. நான்கு சிவப்புப் பதிவு விழுந்தால் ஆளை வெளியே அனுப்பிவிடலாம் என்று இருந்தது.

2015ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பில் இதைப் பற்றிச் சொன்னது. நான்கு பதிவு இருக்கிறது என்பது மட்டும் போதாது. விசாரிக்க வேண்டும். குற்றம் எப்படிப்பட்டது, எத்தனை ஆண்டு உழைத்தார், எவ்வளவு கஷ்டமான இடத்தில் இருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும் என்றது.

உயிரோடு இருக்கும் சிப்பாய்க்கு இந்த நியாயம் உண்டு. செத்துப்போன தாத்தாவுக்கு வேண்டாமா?

எப்படித் தேடுவது?

பட்டாள எண், பெயர், ரெஜிமெண்ட் ஆகிய மூன்றையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எண்தான் முக்கியம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருப்பார்கள்.

மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டனில் தலைமையிடம் இருக்கிறது. கம்பெனிக் காலத்துக் காகிதங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் உண்டு.

ஆனால் முதல் காப்பகம் உங்கள் வீட்டுத் திண்ணைதான். வயதானவர்களைக் கேளுங்கள். அவர்கள் போன பிறகு கேட்க முடியாது.

திண்ணையில் கிடைத்த விடை

புதுக்கோட்டை நண்பரும் தாயாரிடம்தான் கேட்டார். அந்த 19 நாள் எப்போது என்று தேதியைச் சொன்னார். அம்மையார் சிறிது நேரம் யோசித்தார்.

"எங்க அய்யாவைப் பெத்த ஆச்சி அந்த மாசந்தான் செத்தாவ" என்றார்.

கல்லறையில் போய்ப் பார்த்தார்கள். கல்லில் இருந்த தேதி, அந்த 19 நாளுக்குள் விழுந்தது! தாயை அடக்கம் செய்ய மகன் ஊரில் தங்கியிருக்கிறார்.

இரண்டாவது வரிக்கு இப்படி ஒரு விடை கிடைக்கவில்லை. சாமானை விற்றது விற்றதுதான். பசியோ, பேராசையோ, தெரியாது. பேரன் என்பதற்காகக் களவை வீரம் ஆக்க முடியாது.

நண்பர் ஒரு நோட்டில் இரண்டையும் எழுதினார். தாயாருக்குப் படித்துக் காட்டினார். இரண்டாவது வரி வந்ததும் தயங்கினார்.

"அதையும் வாசிலே!" என்றார் அம்மையார். "எங்க அய்யா செஞ்ச தப்புக்கு ஜெயிலுக்குப் போயி கணக்கைத் தீத்துட்டாவ. இன்னமும் எதுக்கு ஒளிக்கணும்?"

இதைவிட நல்ல தீர்ப்பை எந்தக் கோர்ட்டு சொல்லும்?

தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளித்த காலத்தில், சிப்பிகளைக் குவித்து அழுக விடுவார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும். அதைப் பொறுத்துக்கொண்டு கழுவித் தேடினவர்களுக்குத்தான் முத்துக் கிடைத்தது. சில சிப்பிகளில் ஒன்றும் இருக்காது. அதற்காக யாரும் குவியலைத் தேடாமல் கடலில் கொட்டியதில்லை.

உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியையும் திறந்து பாருங்கள்!