கருக்குழாய்க் காயம்: வீடு திரும்பிய பிறகு...

தமிழகத்தில் கருவுற்ற பெண் ‘பிக்மி’ எண் பெற்றுவிட்டால், அவரது பரிசோதனைகள் முதல் குழந்தையின் தடுப்பூசி வரை அந்த எண்ணின்கீழ்ப் பதிவாகின்றன. பேறுகால நலத்தில் மாநிலம் கண்ட முன்னேற்றத்துக்கு இத்தொடர் கண்காணிப்பும் துணை நிற்கிறது. கரு, கருப்பையை அடையாமல் கருக்குழாயிலேயே தங்கிவிட்ட பெண்ணுக்கும் இதே கண்காணிப்பு தேவை என்பது என் கருத்து. அத்தகைய கர்ப்பம் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் வெளிப்படுகிறது. எண் பெறுவதற்கு முன்பே முடிந்தும் விடுகிறது.

கருக்குழாய் ஏறத்தாழ 10 செ.மீ. நீளமுள்ள மெல்லிய உறுப்பு. கருமுட்டையும் விந்தணுவும் இங்குதான் இணைகின்றன. குழாயின் உட்புறத்து நுண்ணிழைகள் கருவைக் கருப்பைக்கு நகர்த்துகின்றன. பால்வினைத் தொற்று, பிரசவத்துக்கோ கருக்கலைப்புக்கோ பிந்தைய தொற்று, காசநோய், வெடித்த குடல்வால், முந்தைய அறுவை சிகிச்சை என ஏதேனும் ஒன்று இந்த இழைகளைச் சிதைக்கலாம். தழும்பு ஏற்படுத்திக் குழாயை அடைக்கலாம். பல நேரங்களில் வலியே இல்லாமல் இது நிகழ்ந்துவிடுகிறது.

ஸ்வீடனின் லுண்ட் நகர ஆய்வு ஒன்று 1992-இல் வெளியானது. இடுப்புக்குழித் தொற்று ஒருமுறை கண்ட பெண்களில் 8 சதவீதத்தினரும், இருமுறை கண்டோரில் 19.5 சதவீதத்தினரும், மூன்று முறையோ அதற்கு மேலோ கண்டோரில் 40 சதவீதத்தினரும் குழாய்ச் சேதத்தால் கருத்தரிக்க இயலாதவர்களானதை அது காட்டியது. முதல் தொற்றிலேயே, தேவைப்படின் கணவருக்கும் சேர்த்து, முழுமையான சிகிச்சை அளிக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு கருப்பைக்கு வெளியே தங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கருக்குழாயில்தான். குழாய் வெடித்தால் உள்ளே ஏற்படும் ரத்தப்போக்கு உயிரையே பறிக்கும். அந்த நெருக்கடியின் அவசரம் எல்லோருக்கும் புரிகிறது. அதற்குப் பிந்தைய வாரங்களின் முக்கியத்துவம்தான் புரிவதில்லை.

மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டுக்கொண்டவருக்கு நான்காம் நாளிலும் ஏழாம் நாளிலும் கர்ப்ப ஹார்மோனை அளக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் அது 15 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். பிறகு முற்றிலும் மறையும்வரை வாரந்தோறும் பரிசோதனை தொடர வேண்டும். ஊசிக்குப் பின்னும் குழாய் வெடிக்கக்கூடும் என்பதே காரணம். குழாயை வைத்துக்கொண்டு கருவை மட்டும் நீக்கினாலும், எஞ்சிய திசு வளர்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஆர்.எச். நெகடிவ் ரத்தப் பிரிவினருக்கு ஆன்டி-டி ஊசியின் தேவையையும் மறந்துவிடக் கூடாது.

இங்கு ஒரு முரணும் உண்டு. கருவுற்றோருக்கு வழக்கமாகத் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரை, மெத்தோட்ரெக்சேட்டின் வேலையைக் கெடுக்கும். நடந்ததை அறியாத ஒருவர் நல்லெண்ணத்துடன் அதைக் கொடுத்துவிட்டால், சிகிச்சையே பழுதாகலாம். தகவல் தொடர்ச்சி இல்லாமையின் விலை இது.

அடுத்த கர்ப்பமும் குழாயில் தங்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. எனவே மீண்டும் கருவுற்றால் ஆறு, ஏழு வாரங்களிலேயே ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். மறு குழாய் நலமாக இருந்தால் இயல்பாகவே கருத்தரிக்க முடியும். இதைச் சொல்ல ஆளில்லாத பெண், உறவினரின் பழிச்சொல்லுக்கும் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரத்துக்கும் நடுவே தனித்து விடப்படுகிறார்.

கிராம சுகாதார செவிலியர்களின் பணிச்சுமை ஏற்கெனவே அதிகம் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால், இப்பெண்களின் எண்ணிக்கை சிறிது. கேட்கப்படுவதும் சில வாரக் கவனிப்புதான். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே அவரது பெயரைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். எந்தப் பக்கக் குழாய், அது அகற்றப்பட்டதா, ரத்தப் பிரிவு என்ன, அடுத்த பரிசோதனை எந்த நாளில், எந்த அறிகுறி தென்பட்டால் உடனே வர வேண்டும் என்பவற்றைத் தமிழில் எழுதித் தர வேண்டும். ரத்தப் பரிசோதனையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்ய வழி வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து மாவட்டத் தலைநகருக்கு வாரந்தோறும் வருவது எல்லோராலும் இயலாது.

குழந்தை பிறந்தால் தாயைப் பின்தொடரும் அரசு, கருவை இழந்த பெண்ணையும் பின்தொடர வேண்டும்.