ஜைரோவை அணைத்துப் பார்க்கட்டும்

ரேடியோவினால் இயங்கும் மாதிரி விமானங்களைக் கொண்டு ஆகாயத்தில் கரணமடிக்கும் வித்தையில் புதிதாக ஆசை கொள்ளும் அன்பர்கள், கடைக்காரரிடம் முதலில் கேட்கும் கேள்வி, விமானத்தின் இறக்கை எப்படி, எடை எவ்வளவு என்பதாக இராமல், அதில் ஜைரோ உண்டா என்பதாகவே இருக்கிறது. காற்று தள்ளினாலும் கை தடுமாறினாலும் விமானத்தை நிமிர்த்தி நிறுத்தும் அந்தச் சிறு கருவியை நிந்திப்பது என் நோக்கமன்று. ஆனால், கோணலாக அமைந்த விமானத்தின் கோணலை அது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுவதால், விமானத்தைத் திருத்தும் பிரயாசையும், அப்பிரயாசையால் மாத்திரமே கிட்டும் ஞானமும் அருகிவருகின்றன என்பது என் அபிப்பிராயம்.

1960-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து தேசத்து டூபெண்டார்ஃபில் இவ்வகை விமானங்களுக்கு முதல் உலகப் போட்டி நடந்தபோது, அமெரிக்கரான எட் காஸ்மிர்ஸ்கி தமது ‘ஓரியன்’ விமானத்தால் வென்றார். ‘ரீட்’ எனப்பட்ட அக்காலத்து ரேடியோக் கருவிகளில், விரல் அசையும் அளவுக்குத் தக்கபடி சுக்கானும் அசையும் வசதி கிடையாது. விசையைத் தொட்டால் முழு அளவும் திரும்பும், விட்டால் நடுநிலைக்கு மீளும். ஆகவே தட்டித் தட்டியே ஓட்ட வேண்டியிருந்த அந்நாளில், விமானம் தானாக நேரே செல்லும் குணம் வாய்ந்ததாக இராவிட்டால், எவ்வளவு சாமர்த்தியமுள்ள கையும் அதை நேரே செலுத்தியிருக்க முடியாது.

இனி விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். உயரத்தில் பொருத்திய, அடிப்பாகம் தட்டையான இறக்கையை உடைய பயிற்சி விமானம், சாய்ந்தால் தானே நிமிர முயலும். கரண விமானமோ நேராகவும் தலைகீழாகவும் ஒரே மாதிரி பறக்க வேண்டுவதால், மேலும் கீழும் ஒத்த வளைவுள்ள இறக்கையை உடலின் நடுவிலோ சற்றுத் தாழவோ தாங்கி, வைத்த நிலையிலேயே நிற்கும். இக்காரணத்தால் அது ஒருவருக்கு முதல் விமானமாக இருத்தல் தகாது. உலகப் போட்டிக்குரிய விமானங்கள் நீளத்திலும் இறக்கையின் நுனிக்கு நுனி விரிவிலும் 2 மீட்டருக்கும், எடையில் 5 கிலோவுக்கும் மிகாதிருக்க வேண்டும் என்பது விதி. ஆரம்பத்தில் அத்தனை பெரிது வேண்டாம். எனினும், கைக்கடக்கமான சிறு விமானமே சுலபமானது என்று எண்ணுவது வெறும் பிரமை. சிறியது காற்றில் அல்லாடும், தூரத்தில் புள்ளியாகி எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே தெரியாமல் போகும். ஒரே அளவுள்ள இரண்டில் எடை குறைந்ததை எடுத்துக்கொள்வது விவேகம். யுத்த விமானத்தின் சாயலுக்கும் பளபளக்கும் வர்ணத்துக்கும் மயங்கி, கனத்த ஒன்றை வாங்கிவந்து வருந்தியவர்களை நான் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவன்.

வாங்கிய பின் செய்ய வேண்டிய காரியங்களில் தலையாயது எடைமையத்தை நிர்ணயிப்பது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் சராசரி அகலத்தில் சுமார் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே அது விழும்படி பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கலாம். ஆயினும் இறுதித் தீர்ப்பு ஆகாயத்தில்தான் கிடைக்கும். காற்று அடங்கிய காலைவேளையில், போதிய உயரத்தில், 45 பாகைச் சரிவில் விமானத்தை ஏற்றி, அப்படியே தலைகீழாகப் புரட்டிக் கையை எடுத்துவிட வேண்டும். மூக்கு விரைந்து தரையை நோக்கி வளையுமானால் முன்பாரம் மிகுதி. மேல்நோக்கி வளையுமானால் பின்பாரம் மிகுதி. நேர்கோட்டிலேயே சிறிது தூரம் சென்று மெல்லத் தணியுமானால், பேட்டரி இருக்குமிடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளலாம். லூப் அடிக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக ஒதுங்கும் விமானத்துக்குப் பெரும்பாலும் ஓர் இறக்கை கனத்திருக்கும். மற்ற இறக்கையின் நுனியில் சிறு காசு ஒன்றை ஒட்டினால் தீர்ந்துபோகிற வியாதி அது. சுக்கானை அசைக்கும் சர்வோவின் கை நடுநிலையில் இணைப்புக்கம்பிக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். அது கோணியிருந்தால் இருபக்க அசைவும் ஒத்திராது. இவற்றையெல்லாம் டிரான்ஸ்மிட்டரின் பொத்தான்களால் சரிக்கட்டிவிடலாமே என்பார்கள். சரிக்கட்டலாம், ஆனால் ஒரு வேகத்தில் சரிக்கட்டியது மற்றொரு வேகத்தில் பிசகும்.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர், தமது புதிய விமானம் நூல் பிடித்தாற்போல் பறக்கிறது என்று மகிழ்ந்து என்னை மைதானத்துக்கு அழைத்துப் போனார். ஜைரோவை அணைத்துவிட்டு முழு வேகத்தில் செங்குத்தாக ஏற்றுங்கள் என்றேன். சற்றே தயங்கி அவ்வாறே செய்தார். புரொப்பல்லரின் சுழற்சியும் அது பின்னோக்கித் தள்ளும் காற்றும் மூக்கை இடப்புறம் இழுப்பது இயல்பு; அதற்கு ஈடாக மோட்டாரை இரண்டொரு பாகை வலப்புறம் திருப்பி வைப்பார்கள். அவ்விமானத்திலோ மோட்டார் நேராகவே நின்றதால், அது ஏற ஏற இடப்பக்கம் சாய்ந்து போயிற்று. மோட்டாரின் இடப்பக்கத் திருகுகளுக்கு அடியில் இரண்டு மெல்லிய வாஷர்களைச் செருகி மறுபடியும் ஏற்றினோம், சாய்வு பாதியாயிற்று. மற்றுமிரண்டு செருகியபின், கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோடு கிழித்தாற்போல் ஏறிற்று. நண்பர் இப்போது ஜைரோவை இயக்குவதில்லை. ஆனால் கழற்றவும் மனம் வரவில்லை. வீண் கனந்தானே என்று நான் சொல்லும்போதெல்லாம், காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்கிறார்.