எந்த ஏஐ வாங்கலாம், ஐயா?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் படித்த ஒருவன் போன வாரம் வந்தான். மயிலாப்பூரில் பாத்திரக்கடை வைத்திருந்த தன் அப்பாவைப் பற்றி நாவல் எழுதுகிறானாம். "சாட்ஜிபிடியா, ஜெமினியா, கிளாடா? எதுக்குப் பணம் கட்டலாம், ஐயா?" என்று கேட்டான். மென்பொருள் எழுதிக்கொடுத்த முதல் அத்தியாயத்தையும் காட்டினான். கோயில் மணியோசை, மல்லிகை வாசம், அப்பாவின் கண்ணில் ஈரம். ஒரு பிழை கிடையாது. அவன் அப்பாவும் அதில் கிடையாது.

அவரை எனக்குத் தெரியும். அறுபத்துமூவர் அன்று கடை வாசலில் நீர்மோர் கொடுப்பார். உப்பு குறைந்தால் கடைப்பையனைக் காய்ச்சி எடுப்பார். அடுத்த நிமிஷம் அவனுக்கே ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுப்பார். "அது எங்கேடா?" என்றேன். "மறந்தே போச்சு ஐயா" என்றான்.

எனக்குக் கோபம் என் மேல்தான். முப்பத்தைந்து வருஷம் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்யவைத்தேன். திருப்பி எழுதியவனுக்கு முழு மதிப்பெண். பாட்டி சொன்னதை எழுதியவனுக்குச் சிவப்பு மை. இந்த மெஷின் எழுதுவது நான் மார்க் போட்ட அதே கட்டுரைதான்.

அசோகமித்திரன் தி.நகரில் வாழ்ந்தவர். சென்னைத் தெருக்களில் ஜனங்கள் குடத்தோடு அலைந்ததைப் பார்த்தவர், 'தண்ணீர்' எழுதினார். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர், 'கரைந்த நிழல்கள்' எழுதினார். பார்த்தது முதலில் வந்தது. எழுத்து பிறகு வந்தது.

கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. 'என் இனிய இயந்திரா' எழுதிய சுஜாதாவே பொறியாளர்தானே! வாங்குகிறவர்கள் நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று: உங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு பக்கம் நீங்களே எழுதி, பிழை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். "என்னடா பண்றே" என்பதை "என்ன செய்கிறாய்" என்று மாற்றினால் அந்த மென்பொருள் வேண்டாம்.

இரண்டு: இவை எழுத்தைத் துண்டு துண்டாக, டோக்கனாக எண்ணுகின்றன. ஒரே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குப் பெரும்பாலும் அதிக டோக்கன் ஆகும். இலவச அளவு சீக்கிரம் தீர்ந்துவிடலாம்.

மூன்று: உங்கள் கைப்பிரதியை அவர்கள் தங்கள் மெஷினுக்குப் பாடமாக வைத்துக்கொள்வார்களா என்று நிபந்தனைகளைப் படியுங்கள்.

நான்கு: கிளைக்கதை எழுதும் பிள்ளைகளுக்கு. அடையாறில் இருக்கும் என் பேத்தி அப்படி ஒரு கேம் கதை எழுதுகிறாள். கதாநாயகி பஸ் ஏறினால் ஒரு முடிவு, ஏறாவிட்டால் இன்னொன்று. கிளைகளைக் கட்டி மேய்க்க அவளுக்கு 2009-இல் வந்த ட்வைன் போதுமாக இருக்கிறது. அது இலவசம், ஏஐ இல்லை. ஏறுவதா வேண்டாமா என்று அவள்தான் தவிக்க வேண்டும்.

யாருக்கு எந்த அத்தியாயத்தில் என்ன வயசு, எந்தப் பெயர் மாறிப்போச்சு என்று சரிபார்க்கிற கணக்குப்பிள்ளை வேலையை ஏஐக்குக் கொடுங்கள். அப்பாவைக் கொடுக்காதீர்கள்.

அந்தப் பையனிடம் பத்துப் பக்கம் கையால் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை சிவப்புப் பேனா எடுக்க மாட்டேன். நீங்களும் கீழே உங்கள் அப்பாவோ அம்மாவோ செய்த ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். மல்லிகை வாசம் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா