சீல் வைத்தால் உதிரம் நின்றுவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கருக்கலைப்பு மாத்திரை விற்ற மருந்துக்கடைக்குச் சீல் என்று மறுபடியும் ஒரு செய்தி. அதிகாரி பூட்டுப் போடும் படம் பெரிதாக வந்திருக்கிறது. மாத்திரையை விழுங்கிய பெண்ணுக்கு எத்தனை நாள் உதிரம் போனது, எந்த ஆஸ்பத்திரி அவளைக் கவனித்தது என்பதற்கு ஒரு வரி இல்லை. அதிகாரிகளின் அறிக்கையில் இருந்தால்தானே உங்கள் நிருபர் எழுதுவார்!

மிஃபெப்ரிஸ்டோன் ஒன்று, மிசோப்ரோஸ்டால் நான்கு கொண்ட இந்த மாத்திரை அட்டை 2008 முதல் நாட்டில் அனுமதி பெற்றது. கர்ப்பத்தின் ஒன்பது வாரத்துக்குள் முறையாகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஆபத்தில்லை. ஓரிரு வாரம் உதிரம் போவதும், பிறகு சில நாள் கசிவதும் இயல்பு. மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, வாரக்கணக்கில் போக்கு குறையாவிட்டாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே டாக்டரைப் பார்த்தாக வேண்டும். கருப்பையில் மிச்சம் தங்கியிருந்தால் உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்ய நேரலாம். எது இயல்பு, எது ஆபத்து என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாததே இங்குள்ள கேடு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட உடம்போடு கிளாவரை, கூக்கால் போன்ற மலைக்கிராமத்தில் இருப்பவள் நாள் கணக்கில் உதிரம் கொட்டிய பிறகு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொடைக்கானல் வரவேண்டும். அங்கே முடியாவிட்டால் மலையிறங்கி மதுரைக்குப் போகவேண்டும்.

‘முதலிலேயே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதானே?’ என்பார்கள். போகலாம். 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி அரசு மருத்துவமனைகளில் கருக்கலைப்பு செய்யத் தனி அனுமதி தேவையில்லை. பதினெட்டு வயது நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் போதும். 2021 திருத்தத்தின்படி அவள் பெயரைச் சட்டம் அனுமதிக்காத ஒருவரிடம் சொன்னால் ஓராண்டு வரை சிறை. நடைமுறையிலோ, ‘புருஷன் வந்து கையெழுத்துப் போடட்டும்’ என்ற ஒற்றைச் சொல்லில் சட்டம் முழுவதும் அடிபட்டுப் போகிறது. அதற்கு அஞ்சியவள்தான் கடைவாசலுக்கு வருகிறாள். ‘வசதி செய்து கொடுத்தால் கருக்கலைப்பு பெருகும்’ என்பது அடுத்த வாதம். 2015-இல் இந்தியாவில் நடந்த 1.56 கோடி கருக்கலைப்புகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. வசதி செய்து கொடுக்காமலே வந்த கணக்கு இது! மருந்துச்சீட்டு இல்லாமல் விற்பது குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் சீட்டு எழுதித்தர மலையில் டாக்டரை உட்கார வைக்காமல் கடையை மட்டும் பூட்டுவது, அதே மாத்திரையைக் கள்ளத்தனமாக, கூடுதல் விலைக்கு, ஒன்பது வாரம் கடந்தவளுக்கும் விற்க வழி திறந்துவிடுவதுதான்.

2024 மே முதல் மலையேறும் ஒவ்வொரு வெளியூர்க் காருக்கும் இ-பாஸ் கேட்டு எண்ணிக்கை வைக்கும் நிர்வாகம் இது. உதிரம் நிற்காமல் மலையிறங்கும் பெண்களுக்கு அதனிடம் கணக்கு உண்டா? அவர்களிடமும் இ-பாஸ் கேட்டால்தான் தெரியவரும் போலும்! மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மாத்திரையும், பயிற்சி பெற்ற டாக்டரும் இருக்கட்டும். மாத்திரை சாப்பிட்டவளைக் கிராம சுகாதாரச் செவிலியர் இரண்டு வாரம் கழித்துப் பார்க்கட்டும். கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் கருப்பையைச் சுத்தம் செய்யும் வசதியும் ரத்தமும் இரவிலும் கிடைக்கட்டும். இவற்றில் எது எந்த ஊரில் இருக்கிறது என்று மாவட்ட சுகாதார அதிகாரி உங்கள் இதழிலேயே பதில் எழுதட்டும். அதன்பிறகு சீல் வைக்கும் படத்துக்கு முகம் காட்டலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொடைக்கானல்