இல்லமும் கருவியும்: விடுமுறைக்குப் பின் சோர்ந்துபோகும் பாட்டரி

கோடை விடுமுறைக்கு ஊர் சென்று டில்லி திரும்பும் நம்மவர் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரே முறையீடு எழுகின்றது. ஏப்ரல் மாதத்தில் மூன்று மணி நேரம் விசிறிகளை ஓட்டிய இன்வெர்ட்டர், ஜூலையில் பத்து நிமிடத்திற்குள் கூவிவிட்டு அணைந்துவிடுகின்றது. கடைக்காரரை அழைத்தாலோ, பாட்டரியைத் தொட்டும் பாராமல் "கதம்" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுகின்றார். புதியது வாங்கப் பதினாயிரம் ரூபாய்க்கு மேல் வேண்டும். பள்ளிக் கட்டணமும் புத்தகச் செலவும் கழுத்தைப் பிடிக்கும் வேளையில் இது சிறு தொகையன்று. எனவே தீர்ப்பை ஏற்குமுன் சற்று விசாரித்துப் பார்ப்பது நலம்.

புறப்படும் நாளன்று பலரும் செய்வது யாதெனில், வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரின் சுவிட்சை அப்படியே விட்டுச் செல்வதேயாம். மின்தடை நேர்ந்துவிட்டதாகக் கொண்டு அக்கருவி பாட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுக்கத் தொடங்கும். விளக்கு ஒன்றும் எரியாவிடினும் தனக்கென்று சிறிதளவு எடுத்துக்கொண்டே இருக்கும். சில நாட்களில் பாட்டரி வெறுமையாகிவிடும். பின்னர் ஒரு திங்கள் முழுவதும் அந்நிலையிலேயே கிடக்கும்.

பாட்டரியில் இருப்பவை ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமுமே. மின்சாரம் வெளியேறுங்கால் தகடுகளின் மீது ஈய சல்பேட்டு மெல்லிய பொடியாகப் படிகின்றது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்து மறையும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் இறுகிப் படிகமாகிவிடும். பின்னர் எளிதில் கரையாது. மேற்கு வெயில் படும் பால்கனியில் இருந்தால் கேடு இன்னும் விரைவில் வரும்.

இனி, ஆராயும் முறை. முதலில் தண்ணீரின் அளவைப் பார்த்துவிட்டு, ஓர் இரவு முழுவதும் சார்ஜ் ஏறவிடுங்கள். அவ்வாறு ஏறும்போதே மல்டிமீட்டரைப் பாட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்க்கவேண்டும். 12 வோல்ட் பாட்டரியில் அளவு படிப்படியாக உயர்ந்து 13.5-ஐத் தாண்ட வேண்டும். எத்தனை மணி நேரமாயினும் 12.5-லேயே நிற்குமாயின், குற்றம் பெரும்பாலும் சார்ஜரிலோ பியூஸிலோ இருக்கும். பட்டினி கிடக்கும் பாட்டரியைப் பழித்துப் பயனில்லை. பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் பாட்டரியின் வகையைக் குறிக்கும் சிறு சுவிட்சு ஒன்று உண்டு. அது மாறியிருந்தாலும் சார்ஜ் நிறைவாக ஏறாது.

சார்ஜ் நன்றாக ஏறியபின் இணைப்பை நீக்கிச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்துப் பாருங்கள். நல்ல பாட்டரியாயின் 12.6 வோல்ட் அளவில் நிற்கும். 10.5 அளவில் நின்றால், உள்ளிருக்கும் ஆறு அறைகளில் ஒன்று மாண்டுவிட்டது என்று கொள்ளலாம். ஒவ்வோர் அறையும் சுமார் 2.1 வோல்ட் அன்றோ? இதனை உறுதி செய்ய ஹைட்ரோமீட்டர் உதவும். ஐந்து அறைகளில் 1.230 அளவில் காட்டி, ஓர் அறையில் மட்டும் 1.150 காட்டினால் செலவுக்கு ஆயத்தமாக வேண்டியதுதான். ஆறும் ஒருசேரக் குறைந்திருந்தால் நம்பிக்கை இழக்க வேண்டாம். ஓரிரு நாட்கள் தொடர்ந்து சார்ஜ் செய்தால் பெரும்பகுதி மீளக்கூடும்.

நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் இவை அனைத்தும் சரியாகவே இருந்தன. ஆயினும் விசிறி போட்டவுடன் விளக்கு மங்கிற்று. முனைகளில் வெண்ணிறமும் பச்சை நிறமுமாகப் பூத்திருந்த கசடே காரணம்! வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்துத் துடைத்து, திருகை இறுக்கி, வாசலின் தடவியதோடு நோய் தீர்ந்தது. கசடு துடைக்கும் நீர் அறைகளுக்குள் இறங்காதபடி மூடிகளை மட்டும் இறுக மூடிக்கொள்ள வேண்டும்.

பாட்டரியில் ஊற்றத் தகுந்தது காய்ச்சி வடித்த நீர் ஒன்றே. ஆர்.ஓ. நீரிலும் உப்பு எஞ்சியிருக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றும் சிக்கனத்தையும் சில இல்லங்களில் கண்டிருக்கிறோம். அது தூசியும் உலோகத் துகளும் கலந்தது. அமிலம் குறைந்துவிட்டதென்று அமிலத்தையே வாங்கி ஊற்றுவது அதனினும் கேடு. குறைவது நீரேயன்றி அமிலமன்று.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கவல்லது. இடமின்மை காரணமாகப் பூஜை மாடத்தின் கீழேயே பாட்டரியை வைத்திருக்கும் இல்லங்கள் உண்டு. விளக்கையேனும் பாட்டரியையேனும் இடம் மாற்றுங்கள். முனைகளைக் கழற்றுமுன் இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிடவேண்டும். வளையலும் மோதிரமும் கையில் இருத்தலாகாது. முதலில் கழற்ற வேண்டியது கறுப்புக் கம்பி. மீண்டும் மாட்டுகையில் அதுவே கடைசி.

பாட்டரி உண்மையிலேயே மாண்டுவிட்டால், தெருவில் கூவி வரும் கபாடிக்காரரிடம் தள்ளிவிடாதீர்கள். அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் உருக்குவோர் உண்டு. அந்தப் புகை அண்டை அயலில் வாழும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெற்று முறைப்படி பயன்படுத்தும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்தியுள்ளன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரசீதில் அத்தொகையைத் தனியே எழுதி வாங்கவும் மறவாதீர்கள்.

அடுத்த முறை ஊருக்குப் புறப்படுங்கால், முந்தைய இரவே பாட்டரியை முழுதும் சார்ஜ் செய்து, இன்வெர்ட்டரை அணைத்து, கறுப்புக் கம்பியைக் கழற்றி வைத்துவிடுங்கள். அவ்வாறு விட்ட பாட்டரி ஒரு திங்கள் வரை தாங்கும்.