இரவற் பாட்டு

2023 மார்கழியில் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா என்னும் சிறுமி, ஜீ தமிழ் தொலைக்காட்சியின் ‘சரிகமப’ சிறுவர் இசைப் போட்டியில் முதலிடம் பெற்றபொழுது, குடாநாடு முழுவதும் தன் வீட்டுப் பிள்ளை வென்றதாகவே கொண்டாடியது. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையிலும் வெடி கொளுத்தினார்கள். அதே போட்டியில் மலையகத்திலிருந்து சென்று பாடிய அசானியின் குரல் கேட்டுக் கண்கலங்கியோர் பலர். அம்மகிழ்ச்சியில் யானும் பங்குகொண்டவன் என்பதை முதலிலேயே கூறிவிடுகின்றேன். பின்வருவனவற்றை அப்பிள்ளைகள்மீது சொல்லப்படும் குறையாக எவரும் கொள்ளலாகாது. குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் வேறு சிலர். இவ்விதழில் எழுதுவோரும் இதனை வாசிப்போருமாகிய நாம் அவர்களுள் முன்வரிசையில் நிற்கின்றோம்.

வழக்கு மிக எளியது. குரல் எங்களுடையது, பாட்டு எங்களுடையதன்று. அப்பிள்ளைகள் மேடையேறிய ஒவ்வொரு தடவையும் பாடியவை, சென்னைத் திரைப்படங்களுக்காக வேறெவரோ எழுதி, வேறெவரோ இசையமைத்து, வேறெவரோ முன்னரே பாடி முடித்த பாடல்கள். பரிசு பெற்றுத் திரும்பிய பின்னர் அவர்கள் பாடுவதற்கென்று இந்த மண் எழுதி வைத்திருந்த புதுப்பாட்டு எத்தனை? வரவேற்பு வளைவு கட்டினோம், மாலையிட்டோம், மேடையிலேற்றி மீண்டும் அதே திரைப்பாடலைப் பாடச் சொன்னோம். அவ்வளவில் எமது கடன் தீர்ந்தது.

சிறுவரைப் போட்டியில் நிறுத்தி நட்சத்திரமாக்கும் இத்தொழில் சென்னையிலே தோன்றியதன்று. அது முழு வளர்ச்சி பெற்றதை யப்பானில் அரை நூற்றாண்டுக்கு முன்னரே காணலாம். அங்கு 1971 முதல் 1983 வரை ‘நட்சத்திரம் பிறந்தது’ என்று பொருள்படும் பெயர் கொண்ட தொலைக்காட்சிப் போட்டியொன்று நடைபெற்றது. இறுதிச் சுற்றில் பிள்ளை பாடி முடித்ததும், அவையில் அமர்ந்திருக்கும் இசைத்தட்டு நிறுவனத்தாரும் முகவர் நிறுவனத்தாரும் தத்தம் பெயர்ப்பலகைகளை உயர்த்துவர். உயர்ந்த பலகைகளிலே அப்பிள்ளையின் எதிர்காலம் எழுதப்பட்டிருக்கும். சந்தையில் மாட்டுக்கு விலை கூறுவதனை நினைவூட்டும் காட்சி அது. இவ்வாறு தேர்ந்தெடுத்து வளர்க்கப்படும் பாடகரை ‘ஐடோல்’, அதாவது வழிபடு உரு, என்று யப்பானியர் அழைக்கின்றனர்.

1972 இல் அப்பலகைகளின் முன்னே நின்ற பதின்மூன்று வயதுச் சிறுமி மொமோயே யமகுச்சி. முதலிடமன்று, இரண்டாமிடமே கிடைத்தது. 1973 இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. தொடக்கத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட பாடல்கள், பருவமெய்தும் பெண்ணின் அறியாமையை வளர்ந்த ஆண்களின் நுகர்ச்சிக்கு எடுத்துவைக்கும் வகையின. அவ்வழியே சென்றிருந்தால் அவரும் மூன்றாண்டில் மறக்கப்பட்டிருப்பார். ஆனால் 1976 இல் அவர் பாடிய ஒரு பாட்டு அவரது வாழ்க்கையின் திசையையே மாற்றிற்று. அதன் பெயர் ‘யோக்கோசுக்கா கதை’. யோக்கோசுக்கா என்பது அமெரிக்கக் கடற்படைத்தளம் உள்ள துறைமுக நகரம். மொமோயே வளர்ந்த ஊர். சொற்களை எழுதியவர் அக்கி யோக்கோ என்னும் பெண். இசையமைத்தவர் அவரது கணவர் உசாக்கி ரியூடோ. அத்தம்பதியர் தொடர்ந்து அவருக்காக எழுதிய பாடல்களிலே, பிறர் விருப்பத்துக்கு ஆடும் பொம்மை மறைந்து, எதிர்த்துப் பேசும் ஒரு பெண் தோன்றினாள். 1980 ஐப்பசி 5 ஆம் நாள், இருபத்தொரு வயதில், டோக்கியோவின் புடோக்கான் மண்டபத்தில் இறுதிப் பாடலைப் பாடி முடித்து, வெண்ணிற ஒலிவாங்கியை மேடைத் தரையில் வைத்துவிட்டு அவர் இறங்கிச் சென்றார். மணவாழ்க்கையை விரும்பிச் சென்றவர், பின்னர் மேடைக்கு மீளவேயில்லை. எட்டாண்டுக்கும் குறைந்த இசைவாழ்வு. ஆயினும் அது அவருடைய வாழ்வு. அதற்கென்றே எழுதப்பட்ட பாடல்கள் அதற்கு இருந்தன.

யப்பானிய முறையை யான் போற்றுகின்றேன் என்று எவரேனும் கருதுவாராயின் அது தவறு. அதே போட்டியில் வென்று வந்த ஒகாடா யுக்கிக்கோ என்ற இளம் பாடகி 1986 சித்திரையில், பதினெட்டு வயதிலே, தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். 2005 இல் தொடங்கப்பட்ட ஏகேபி 48 என்னும் பெருங்குழுவில், இசைத்தட்டு வாங்குவோருக்கு வாக்குச்சீட்டும் உடன் வழங்கி, எப்பெண் முன்வரிசையில் நிற்பது என்று ‘பொதுத்தேர்தல்’ நடத்தினார்கள். ஒருவரே நூற்றுக்கணக்கில் இசைத்தட்டு வாங்கி வாக்களிக்கலாம். 2013 இல் அக்குழுப் பெண்ணொருத்தி, காதலனின் இல்லத்தில் தங்கினாள் என்று சஞ்சிகையொன்று எழுதியமைக்காகத் தலையை மழித்து, ஒளிப்படக் கருவியின் முன் அழுது மன்னிப்புக் கேட்டாள். வணிகம் பிள்ளையைத் தின்னும் என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டா. எனது கேள்வி வேறு. அத்துணைக் கொடிய வணிகத்துக்குள்ளும் ஒரு சிறுமிக்கு அவளது ஊரின் பெயரால் ஒரு பாட்டு எழுதப்பட்டது. வணிகத்தைப் பழிக்கும் நாம் எம்முடைய பிள்ளைகளுக்கு எதனை எழுதினோம்?

எமக்கு எழுதத் தெரியாது என்பதும் பொய். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இந்நாட்டுத் தமிழிளைஞர் சிலர் தாமே எழுதித் தாமே மெட்டமைத்துப் பாடினார்கள். கித்தாரும் கொங்கோவும், போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளமும் அவர்களுடைய கருவிகள். யாழ்ப்பாணத்துப் பேச்சு அவர்களுடைய மொழி. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ குடாநாட்டின் வேலியோரத்து வம்பை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தது. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கைகோத்து ஆடிய பாட்டு. அது கடல் கடந்து சென்று, இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ (1977) என்ற திரைப்படத்திலும் இடம்பெற்றது. சென்னை எம்மிடம் கடன் வாங்கிய அரிய தருணங்களுள் அது ஒன்று.

அப்பொழுது புலமையுலகம் என்ன செய்தது? மூக்கைச் சுளித்தது. ‘பொப்’ என்றால் மலிவு, கூச்சல், பண்பாட்டுச் சீர்கேடு. மரபுவாதிக்கு அதில் இராகம் இல்லை. முற்போக்குவாதிக்கு அதில் வர்க்க உணர்வு இல்லை. மற்றெல்லாவற்றிலும் முட்டிமோதிய இரு சாராரும் இதில் மட்டும் ஒன்றுபட்டனர். நாட்டார் பாடலைத் தொகுப்பதற்குக் கிராமம் கிராமமாக அலைந்தவர்கள், தம் வீட்டு வாசலில் பாடப்பட்ட பாட்டினைக் குறிப்பேட்டில் ஏற்றத் தகுதியற்றதென ஒதுக்கினார்கள். அம்மானையும் ஒப்பாரியும் பாடியவர் மறைந்த பின்னரே ஆராய்ச்சிக்கு உரியனவாகும் என்பது எமது பல்கலைக்கழகங்களின் எழுதாச் சட்டம் போலும்.

மனோகரனின் பிற்கால வாழ்வை நோக்குமிடத்து இந்தப் புறக்கணிப்பின் விலை புலனாகும். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) திரைப்படத்தில் நடித்த அக்கலைஞர், தமிழகம் சென்று ‘சிலோன் மனோகர்’ ஆனார். பெயரிலேயே அந்நியன் என்று ஒட்டி அனுப்பப்பட்டவர் போலத் திரைப்படங்களில் வில்லனாகவும் அடியாளாகவும் தோன்றினார். பின்னர் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தார். 2018 தைமாதம் சென்னையிலே காலமானார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். ‘சுராங்கனி’ இன்றும் எங்கள் கலியாண வீடுகளில் ஒலிக்கின்றது. பாட்டை வைத்துக்கொண்டு பாடகனை அனுப்பிவிட்டோம்.

கலைஞர் வெளியேறிய இடத்தில் போரும் வந்து சேர்ந்தது. போர்க்காலத்தில் இங்கு புதுப்பாடல்கள் பிறக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஏராளமாகப் பிறந்தன. அவை ஓர் அரசியலின் தேவைக்காகப் பிறந்து அதன் முடிவோடு ஓய்ந்தவை. அவற்றைப் பற்றிய ஆய்வு தனியே நிகழ வேண்டும். எனது வாதத்துக்கு வேண்டுவது அதன் பின் நிகழ்ந்ததே. 2015 இல் கனடாவிலிருந்து சென்ற ஜெசிக்கா என்ற சிறுமி, விஜய் தொலைக்காட்சியின் ‘சுப்பர் சிங்கர்’ சிறுவர் போட்டியில் இரண்டாமிடம் பெற்று, பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஈழத்திலும் தமிழகத்திலும் உள்ள ஆதரவற்ற பிள்ளைகளுக்கென அறிவித்தார். மனத்தை நெகிழச் செய்த செயல். ஆனால் ஊரிழந்தோரின் துயரைச் சொல்ல அவர் தெரிந்தெடுத்த பாட்டு எது? ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) என்ற சென்னைத் திரைப்படத்துக்கு வைரமுத்து எழுதி ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த ‘விடைகொடு எங்கள் நாடே’. நல்ல பாட்டுத்தான். இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள், அந்த இடப்பெயர்வைப் பாடுவதற்கும் இரவல் வாங்கினோம். ஒப்பாரிக்குக் கூலிக்கு ஆள் பிடிக்கும் வழக்கத்தைக் கேலி செய்த தலைமுறை, தன் சொந்த ஒப்பாரியை வெளியூரிலிருந்து தருவித்துக் கொண்டது.

திரைப்பாடலும் தமிழ்தானே, தமிழில் எமது என்றும் உமது என்றும் பிரிவினை ஏன் என்று சிலர் வினவுவர். இந்த வாதம் பெருந்தன்மையின் உடையணிந்த சோம்பல். எமது நாவலும் சிறுகதையும் சென்னையின் நிழலிலிருந்து வெளிவர வேண்டும், மண்வாசனை வேண்டும் என்று பல தசாப்தங்களாக வாதிட்டவர்கள் நாமே. எழுத்துக்கு அந்நெறி, பாட்டுக்கு வேறொரு நெறியா? நாவலை வாசிப்பவர் சில நூற்றுவர். பாட்டைக் கேட்பவர் அனைவரும். அனைவரையும் தொடும் கலையைச் சந்தைக்கு விட்டுவிட்டுச் சில நூற்றுவருக்கான கலையில் மட்டும் தேசியம் பேசினோம்.

இனி எமது வளாகத்துக்கு வருவோம். மருதனார்மடத்தில் 1960 இல் தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரி 1975 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்துள்ளது. அங்கு வருடந்தோறும் குரலும் வயலினும் மிருதங்கமும் தேர்ந்த இளைஞர் பட்டம் பெறுகின்றனர். திருநெல்வேலி வளாகத்தில் யாப்பிலக்கணம் கற்றோரும் கவிதை எழுதுவோரும் இருக்கின்றனர். இரு சாராருக்கும் இடையே சில மைல் தூரமே. துவிச்சக்கரவண்டியில் கடக்கக்கூடிய இத்தூரத்தை ஒரு பாட்டு கடந்ததில்லை. எமது கலைவிழாவின் பாட்டுப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: சொந்தப் பாடலுக்குத் தனிப்புள்ளி கிடையாது, திரைப்பாடலை எவ்வளவு அச்சொட்டாகப் பாடினார் என்பதே அளவை. தொலைக்காட்சி நடுவர்களைப் பழிக்க எமக்கு என்ன தகுதி? அடுத்த விழாவில் இவ்விதியை மாற்றுக. மாணவர் எழுதி மாணவர் இசையமைத்த பாட்டுக்கு மட்டுமே பரிசு என்று அறிவித்துப் பாருங்கள். முதலாண்டு மூன்று பாடல்கள் வரும்; மூன்றும் மோசமானவையாக இருக்கலாம். ‘யோக்கோசுக்கா கதை’க்கு முன்னர் மொமோயே பாடியவையும் போற்றத்தக்கன அல்ல.

கொக்குவிலின் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையையும் தொடர்கதையையும் உரக்க வாசிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றிய காலம் ஒன்று இருந்தது. கேட்கத் தெரிந்த ஊர் என்று அதனால் எங்களூரைப் பற்றி எனக்குப் பெருமையுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்களூர்க் கோயில் திருவிழாவொன்றின் இன்னிசை நிகழ்ச்சியில் அப்பெருமை சற்று ஆட்டங்கண்டது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், தான் இயற்றிய பாட்டொன்றைப் பாட அனுமதி கேட்டான். 1990 இல் நின்றுபோய் 2015 இல் மீண்டும் ஓடத்தொடங்கிய புகையிரதப் பாதையைப் பற்றிய பாட்டு. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிக்குக் கூரையான கதையை, கட்டையைத் தோளிற் சுமந்துவந்த பாட்டனின் வாய்மொழியாக எழுதியிருந்தான். கொக்குவில் நிலையத்தின் பெயர் அதில் இருமுறை வருகின்றது. இரண்டாவது சரணத்தைத் தொடங்குமுன் முன்வரிசை இளைஞர்கள் புதுப்படப் பாடலொன்றைப் பாடச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். அமைப்பாளர் மேடையேறி அவன் காதில் ஏதோ கூறினார். வாத்தியக்காரர் அடுத்த பாட்டுக்குத் தயாராயினர். கதிரையில் அமர்ந்திருந்த யானும் எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் இப்பொழுது கலியாண மண்டபங்களில் திரைப்பாடல் பாடுகின்றான். நன்றாகவே பாடுகின்றான். அன்றைய பாட்டின் சொற்களை அவனிடம் கேட்டு வாங்கினேன். கொப்பித்தாள் ஒன்றில் இரு பக்கங்கள். மெட்டு அவனிடம் மாத்திரமே இருக்கின்றது.