மண்ணுக்கடியில் ஒரு கடன்

"குழாய் உடைந்தால் குழாய் வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டியதுதானே! அதில் குருவுக்கும் மறையுரைக்கும் என்ன அலுவல்?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. கேட்பவர்கள் தீயவர்கள் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிறவர்களே. ஆன்மா திருச்சபைக்கு, சாக்கடை நகராட்சிக்கு என்று எப்போதோ ஒரு பாகப்பிரிவினையை மனத்தளவில் எழுதி முடித்துவிட்டவர்கள், அவ்வளவே.

திருவிவிலியம் இந்தப் பாகப்பிரிவினையில் கையொப்பமிட மறுக்கிறது. இணைச்சட்ட நூலின் 23-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாளையத்திற்கு வெளியே சென்று, குழி தோண்டி, கழிவை மண்ணால் மூடிவிட வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. காரணமாகச் சொல்லப்படுவது நோய்த்தடுப்பு அன்று. ஆண்டவர் அந்தப் பாளையத்தின் நடுவே உலவுகிறார், ஆகவே அது தூயதாக இருக்க வேண்டும் என்பதே காரணம். கூடாரங்களில் வாழ்ந்து, சொந்த நிலம் இன்னும் கைக்கு வராத ஒரு மக்களுக்குத் தரப்பட்ட சட்டம் இது. கழிவு எங்கே போகிறது என்ற கேள்வியை வழிபாட்டுக் கேள்வியாகவே அது எழுப்புகிறது.

இன்றைய உலகில் அத்தகைய கூடாரவாசிகள் எங்கே இருக்கிறார்கள்? செல்வத்தின் தலைநகர் என நாம் எண்ணும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலேயே இருக்கிறார்கள். நம் தமிழ்க் குருக்கள் பலர் அந்நாட்டு மறைமாவட்டங்களில் பணியாற்றுகின்றனர். பிள்ளைகளை அங்கே குடியமர்த்திவிட்டு ஆண்டுக்கொருமுறை போய் வரும் பெற்றோரும் நம் பங்குகளில் பலர். அவர்கள் அழகிய சாலைகளையும் அங்காடிகளையும் கண்டு வருகிறார்கள். நெடுஞ்சாலையோரத்தில் வேலிக்குப் பின்னால் வரிசை வரிசையாக நிற்கும் தகரமும் பலகையும் வேய்ந்த வீடுகளை யாரும் சுற்றுலாவில் காட்டுவதில்லை. 'மொபைல் ஹோம்' என்று அவற்றைச் சொல்கிறார்கள். தொழிற்சாலையில் செய்து, வண்டியில் இழுத்து வந்து நிறுத்தப்படும் இவ்வகை வீடுகளில் அந்நாட்டில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் வாழ்கின்றனர். அவர்களில் பலர் 'பார்க்' எனப்படும் தனியார் மனைகளில் இருப்பவர்கள். அங்கே வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம். வீடு நிற்கும் மண் வேறொருவருக்குச் சொந்தம். மண்ணுக்கு மாதந்தோறும் வாடகை உண்டு.

'நகரும் வீடு' என்ற பெயரே ஒரு பொய். ஒருமுறை கட்டைகள்மேல் இறக்கி வைத்தபின் அவை நகர்வதே அரிது. நகர்த்த ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும். 1976 ஜூன் மாதம் நடுவணரசின் கட்டுமானத் தரவிதி நடைமுறைக்கு வருமுன் செய்யப்பட்ட வீடாக இருந்தால், வேறு பார்க்குகள் பலவும் அதை ஏற்பதே இல்லை. ஆக, குடியிருப்பவர் வாடகை உயர்ந்தாலும் போக முடியாது. தண்ணீர் நாறினாலும் போக முடியாது. இந்த அசைவின்மையின்மேல்தான் ஒரு வணிகமே கட்டப்பட்டிருக்கிறது.

இனி மண்ணுக்கடியில் இருப்பதைப் பார்ப்போம். இந்தப் பார்க்குகளில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950 முதல் 1970 வரையிலான பத்தாண்டுகளில் அவசர அவசரமாக எழுந்தவை. அன்று கிடைத்த மலிவான குழாய்களையே புதைத்தார்கள். குடிநீருக்குத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் போட்டார்கள். கழிவுநீருக்குச் சுட்ட களிமண் குழாயும், 'ஆரஞ்ச்பர்க்' என்னும் வகையும் போட்டார்கள். மரநாரையும் கீலையும் பிசைந்து செய்த குழாய்தான் இந்த ஆரஞ்ச்பர்க். எளிமையாகச் சொன்னால் கீல் தோய்ந்த அட்டை. மண்ணின் பாரத்தில் சில பத்தாண்டுகளில் அது நசுங்கி உருக்குலைந்துவிடும். 1970-களின் தொடக்கத்திலேயே அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. புதைத்தவை மட்டும் புதைந்தபடியே கிடக்கின்றன. இரும்புக் குழாயோ உள்ளிருந்து துருவேறி, விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கிப் போகிறது. களிமண் குழாயின் இணைப்புகளில் மரவேர் புகுகிறது. கழிவு மேலே போக வழியில்லாமல், தரைக்கும் வீட்டின் அடித்தளப் பலகைக்கும் இடையே தேங்குகிறது. மேலே குழந்தை தவழ்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடிநீர்க் குழாயில் விரிசல் இருந்தாலும் உள்ளே அழுத்தம் இருக்கும்வரை நீர் வெளியே கசியுமேயன்றி அழுக்கு உள்ளே வராது. ஓரிடத்தில் உடைந்து நீரை நிறுத்தும்போது அழுத்தம் விழுகிறது. அந்நேரத்தில் சுற்றிலுமுள்ள மண்ணின் ஈரம் விரிசல் வழியே உள்ளே இறங்குகிறது. அருகில் உடைந்த சாக்கடை ஓடினால் அந்த ஈரம் எதுவென்று நாம் விளக்கத் தேவையில்லை. வால்வுகளும் துருப்பிடித்து இறுகியிருப்பதால், ஒரு வீட்டின் கசிவுக்காகப் பார்க் முழுவதற்கும் நீரை நிறுத்த வேண்டியதாகிறது. இரும்புப் பட்டை போட்டு இறுக்கி மண்ணை மூடுகிறார்கள். அடுத்த மாதம் பத்தடி தள்ளி உடைகிறது. இப்படிப் பட்டை போடும் வேலையைப் 'பராமரிப்பு' என்று கணக்கில் எழுதுகிறார்கள். இது பராமரிப்பன்று. மாற்றவேண்டிய குழாயை மாற்றாமல் தள்ளிப்போடும் தந்திரம்.

அரசு பார்த்துக்கொண்டா இருக்கிறது என்று கேட்கலாம். வாயில்வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது! நகராட்சியின் குழாய் பார்க்கின் வாயிலில் ஒரே ஒரு பெரிய மீட்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ளவை தனியார் சொத்து. 1974-ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வலிமையான சட்டம்தான். ஆயினும் நகராட்சியிடமிருந்து முழு நீரையும் பெற்று, தான் சுத்திகரிக்காமலும் விற்காமலும் பகிர்ந்து மட்டும் கொடுக்கும் அமைப்புக்கு அச்சட்டத்திலேயே விலக்கு உண்டு. வாயிலில் தூய்மையாக வந்த நீர் வீட்டுக்குள் எப்படி வந்து சேர்கிறது என்று சோதிக்க வேண்டிய கட்டாயம் பல இடங்களில் எவருக்கும் இல்லை. கலிபோர்னியாவில் 2014-ஆம் ஆண்டு ஓர் ஆணை பிறந்தது. பார்க்குகளின் பழைய எரிவாயுக் குழாய்களையும் மின்கம்பிகளையும் அகற்றிவிட்டு, அந்தந்த நிறுவனங்களே வீடுவரைக்கும் புதிதாக அமைத்துத் தரும் திட்டம் அது. மிக நல்ல திட்டம். ஆனால் குடிநீரும் சாக்கடையும் அதில் இல்லை. எரிவாயு வெடித்தால் செய்தியாகிறது. சாக்கடை கசிந்தால் நாற்றம் மட்டுமே ஆகிறது.

இப்போது பணத்துக்கு வருவோம். சண்டை முழுவதும் இங்கேதான்.

நாற்பது, ஐம்பது ஆண்டுகள் மாதந்தோறும் வாடகை செலுத்திய ஒரு குடும்பம் அந்த வாடகையில் எதற்கெல்லாம் விலை கொடுத்தது? வெறும் மண்ணுக்கு மட்டுமா? அந்த மண்ணில் நீர் வருவதற்கும் கழிவு போவதற்கும் சேர்த்தே கொடுத்தது. குழாய் ஆண்டுதோறும் தேய்வது உடைமையாளருக்குத் தெரியும். வருமானவரிக் கணக்கில் தேய்மானம் எழுதிச் சலுகை பெறவும் தெரியும். அந்தத் தேய்மானத்தை ஈடுகட்ட ஒரு நிதியைச் சேர்த்து வைத்திருக்க வேண்டியது அவர் கடமை. பலர் சேர்க்கவில்லை. குழாய் செத்தபின், 'மூலதன மேம்பாடு' என்று புதுப்பெயர் சூட்டி, அச்செலவை வாடகையோடு தனிக் கட்டணமாகக் குடியிருப்போர் தலையில் ஏற்றுகிறார்கள். வாடகைக் கட்டுப்பாடு உள்ள ஊர்கள் பலவற்றிலும் இதற்கு விதியே இடம் தருகிறது. செத்ததை மாற்றுவது எப்படி மேம்பாடாகும்? ஒரே குழாய்க்கு இரண்டாம் முறை விலை வாங்குவது அது. பார்க் கைமாறும்போதோ, அந்த அழுகிய குழாயையும் சேர்த்து முழு விலைக்கு விற்கிறார்கள். வாங்கியவர் கடனை அடைக்க வாடகையை உயர்த்துகிறார். மூன்றாம் முறை!

"செலவை நாங்களே ஏற்றால் வாடகையைக் குறைவாக வைக்க முடியாது, பாதிக்கப்படுவது ஏழைகளே" என்று ஏழைகளுக்காக உருகுவோர் உண்டு. இவ்வுருக்கம் இலாபம் பிரிக்கும் நாளில் எங்கே போயிற்று என்பதே நம் கேள்வி. சிறு முதலாளி ஒருவர், நான்கு தலைமுறைச் சொத்தாகப் பத்து வீட்டு மனையை வைத்துக்கொண்டு உண்மையிலேயே கையில் பணமில்லாமல் திண்டாடுகிறார் என்றால், அவருக்குப் பொதுப்பணத்திலிருந்து குறைந்த வட்டிக் கடன் தரலாம்; வாடகையை உயர்த்தக் கூடாது என்ற நிபந்தனையோடு தரலாம். அவரைப் பற்றியன்று நாம் பேசுவது.

உடைமை உரிமையைத் திருச்சபை மறுக்கவில்லை. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடல் அவ்வுரிமையை உறுதியாகவே காத்தது. ஆயின் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தனியுடைமையின்மேல் ஒரு சமூக அடைமானம் இருப்பதாகக் கற்பித்தார். அடைமானம் என்பதன் பொருள் வங்கிக்குப் போய் வந்த நம் வாசகர்க்கு விளங்கும். பத்திரம் உம் பெயரில் இருக்கலாம். கடன் தீரும்வரை அதன்மேல் இன்னொருவருக்கும் உரிமை உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடல் இதை நீருக்கே பொருத்திக் காட்டியது. தூய குடிநீர் கிடையாத ஏழைகளுக்கு உலகம் பெரியதொரு சமூகக் கடன் பட்டிருக்கிறது என்றது அது. கொடை என்று அவர் சொல்லவில்லை; கடன் என்றார். அக்கடன் இப்பார்க்குகளில் மூன்றடி ஆழத்தில் புதைந்து கிடக்கிறது.

கடனைக் கொடையாக மாற்றிக் காட்டுவது நமக்குள்ள பழைய நோய். தெற்குக் கலிபோர்னியாவின் கோச்செல்லாப் பள்ளத்தாக்கில், பழங்குடியினர் நிலத்தில், 'ஒயாசிஸ்' என்றொரு பார்க் இருக்கிறது. பாலைச்சோலை என்பது அப்பெயரின் பொருள். அங்கிருந்தோரில் பெரும்பாலோர் மெக்சிக்கோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர். நம்மைப் போன்றே கத்தோலிக்கர். அங்குக் கிணற்றுநீரில் ஆர்சனிக் நஞ்சு அனுமதிக்கப்பட்ட அளவுக்கு ஏறத்தாழ பத்து மடங்கு இருந்தது கண்டறியப்பட்டு, 2019 முதல் நடுவணரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அடுத்தடுத்து அவசர ஆணைகள் பிறப்பித்தது. மக்களை வேறிடத்தில் குடியமர்த்த 2021-இல் மாநில அரசு 3 கோடி டாலர் ஒதுக்கியது. இத்தகைய இடங்களுக்குத் தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து செல்லும் நல்லுள்ளங்களை நாம் குறை கூறோம். தாகத்துக்குத் தண்ணீர் இன்றே வேண்டும். ஆனால் பத்தாண்டு புட்டி வழங்கிவிட்டு, குழாய்க்குப் பொறுப்பானவர் யார் என்று ஒருமுறையும் கேளாதிருந்தால், நாம் அவருடைய பராமரிப்புச் செலவை இலவசமாகச் செய்துகொடுத்தவர்கள் ஆகிறோம்.

இழுத்து மூடிவிடுவதும் தீர்வாகாது. அதே பள்ளத்தாக்கில் 'டூரோவில்' என்ற பார்க்கை மூடும்படி அரசே வழக்காடியபோது, மக்கள் போக்கிடமின்றித் தெருவில் நிற்பார்கள் என்று கண்ட நடுவண் நீதிபதி 2009-இல் மூட மறுத்துவிட்டார். மாற்று வீடுகள் எழும்பிய பின்னரே, 2013-இல், அது மூடப்பட்டது. வரிசை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் நம்மவர்க்கு விளங்காத கதையன்று. வால்பாறையிலும் மூணாற்றிலும் நுவரெலியாவிலும் லயத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் ஒரு பிடி மண்ணுக்குச் சொந்தம் கொண்டாட முடியாதவர்கள் நம் உறவினர். குடிநீரும் குடியிருப்பும் தோட்ட முதலாளியின் கடமை என்று இந்தியாவில் 1951-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. விதித்தும் அங்குள்ள குழாய்கள் எப்படி இருந்தன என்பதை மலைப்பங்குகளில் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். மண் ஒருவருடையது, வாழ்வு மற்றொருவருடையது என்ற ஏற்பாடு எங்கே இருந்தாலும் முதலில் அழுகுவது கண்ணுக்குத் தெரியாத குழாய்தான்.

இன்னோர் உறவும் உண்டு. அது சற்றே உறுத்தும். பார்க்குகளை வாங்கிக் குவிக்கும் நிறுவனங்கள் இன்று பங்குச் சந்தையில் இருக்கின்றன. ஓய்வூதிய நிதிகள் அவற்றில் பணம் போடுகின்றன. சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமே 2016-இல் அத்தகைய பெரிய நிறுவனம் ஒன்றில் பங்கு வாங்கியது. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் நம் பிள்ளைகளின் சேமிப்பு எந்த வாடகையில் வளர்கிறது என்று தெரியாமல் இருப்பது வசதியானது. தம் நிதியை நடத்துகிறவரிடம் ஒரு கடிதத்தில், உங்கள் கைவசமுள்ள பார்க்குகளில் எத்தனையில் குழாய் மாற்றியிருக்கிறீர்கள், செலவை யார் தலையில் போட்டீர்கள் என்று கேட்பதற்கு இறையியல் பட்டம் தேவையில்லை.

வழி இல்லாமல் இல்லை. 1984-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரடித் என்னும் ஊரில் 13 குடும்பங்கள் ஒரு சமூகக் கடன் நிதியின் உதவியோடு தாங்கள் குடியிருந்த பார்க்கைத் தாங்களே கூட்டுறவாக வாங்கின. இன்று அந்நாடெங்கும் இத்தகைய கூட்டுறவுப் பார்க்குகள் முந்நூறுக்கும் மேல். அங்கே வாடகையை முடிவு செய்வதும், எந்தத் தெருவின் குழாயை எந்த ஆண்டு மாற்றுவது என்று வாக்களிப்பதும் குடியிருப்போரே. ஏழைகளுக்கு இந்த நிருவாகம் தெரியுமா என்று ஐயுறுவோர், நாற்பது ஆண்டு நிருவாகம் தெரிந்தவர்கள் மண்ணுக்கடியில் விட்டுச்சென்றதை ஒருமுறை தோண்டிப் பார்க்கட்டும். பார்க்குகளின் குடிநீர், கழிவுநீர் வசதிகளைப் புதுப்பிக்கவும் உதவும் வகையில் நடுவணரசு 2023-ஆம் நிதியாண்டில் முதன்முறையாக 22.5 கோடி டாலர் ஒதுக்கியது. தேவையோடு ஒப்பிட்டால் சிறுதுளி. அதையும் உடைமையாளரின் இலாபத்துக்கு உரமாக்காமல், குடியிருப்போரின் கைக்குச் சென்று சேரச் செய்ய வேண்டும்.

நியூ ஹாம்ப்ஷயரில் பார்க்கை விற்க நினைக்கும் உடைமையாளர் குடியிருப்போருக்கு அறுபது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது சட்டம். அறுபது நாளுக்குள் கூட்டம் கூட்டவும், சங்கம் அமைக்கவும், கணக்குப் பார்க்கவும், கடன் தேடவும் வேண்டும். அக்குடும்பங்களுக்கு அப்போது வேண்டியவை ஒரு மண்டபம், அவர்கள் மொழி பேசும் ஒருவர், வரவு செலவுத் தாளைப் படிக்கத் தெரிந்த ஒருவர். அமெரிக்காவில் நம் குருக்கள் பணிபுரியும் பங்குகளில் மண்டபம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் கணக்கர்களும் பொறியாளர்களும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.